சதுக்கத்தை மூடும் முன் இதைப் படியுங்கள்

கேம் கன்சோலின் ஆன்லைன் சேவையை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

போன வாரம் கன்சோலை ஆன் செய்ததும் உங்கள் அறிவிப்பு திரையில் வந்து நின்றது. நாங்கள் ஆறு வருடமாகக் கூடிப் பேசிக்கொண்டிருக்கும், சதுக்கம் என்று நாங்கள் சொல்லும் அந்த மெய்நிகர் உலகத்தை இன்னும் மூன்று மாதத்தில் மூடப் போகிறீர்கள். மொத்தம் எட்டு வரி. ஐந்தாவது வரியில், நண்பர்களோடு தொடர்ந்து பேசக் கன்சோலில் இருக்கும் குரல் அரட்டை வசதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐந்தாவது வரியால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் நண்பருக்குக் காது கேட்காது.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சதுக்கத்தில் அவருக்குப் பச்சைத் தொப்பி என்று பெயர், முதல் நாளிலிருந்து அதே தொப்பிதான். துப்பாக்கிச் சண்டை கேம்களில் என்னைவிட நன்றாக ஆடுவார். ஆனால் அந்த கேம்களில் எல்லாரும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கத்துவார்கள். இடது பக்கம் வா, பின்னால் பார் என்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொல்வார்கள். இவர் பதில் சொல்ல மாட்டார். திமிர் என்று நினைத்து அணியிலிருந்து தூக்கிவிடுவார்கள். ஒரே இரவில் மூன்று முறை அப்படி வெளியே தள்ளப்பட்ட பிறகுதான் அவர் முதன்முதலாகச் சதுக்கத்துக்கு வந்ததாக என்னிடம் சொன்னார்.

சதுக்கத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? கண்ட்ரோலரில்தான் தட்ட வேண்டும். குச்சியை நகர்த்தி, ஒரு எழுத்து, பொத்தானை அழுத்தி, அடுத்த எழுத்து. "எப்படி இருக்கீங்க" என்று கேட்கவே அரை நிமிஷம் ஆகும். தட்டுகிறவர் தலைக்கு மேலே மூன்று புள்ளிகள் மின்னிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்கிறவர்கள் காத்திருப்பார்கள். நடுவில் யாரும் புகுந்து பேச முடியாது. காது கேட்கிறவரும் கேட்காதவரும் ஒரே வேகத்தில் பேசுகிற இடம் அது. இதை நீங்கள் திட்டமிட்டுச் செய்தீர்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் செய்ததெல்லாம் கூடிவந்து அப்படி ஒரு இடம் அமைந்தது.

தட்டும் நேரத்தை மிச்சப்படுத்த எங்களுக்குள் ஒரு சைகை மொழியே உருவாகிவிட்டது. அவதார், அதாவது திரையில் நமக்காக நடமாடும் உருவம், தரையில் உட்கார்ந்தால், போன் வந்திருக்கிறது, ஆள் இங்கேதான் இருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு முறை கை தட்டினால் அப்புறம் சொல்கிறேன் என்று அர்த்தம். கிழக்குப் பக்கத்துப் பெஞ்சைச் சுற்றி ஓடினால் நல்ல சேதி. பச்சைத் தொப்பிக்கு வேலை கிடைத்த அன்றைக்கு, அவர் ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை. பெஞ்சைச் சுற்றி எட்டு ரவுண்டு ஓடினார். பின்னாலேயே நாங்கள் ஏழு பேரும் ஓடினோம். அந்த மனிதரிடம் போய்த்தான் இனிமேல் குரலில் பேசிக்கொள் என்கிறீர்கள்.

இந்த உலகங்களின் அருமை வெளியே இருப்பவர்களுக்குச் சட்டென்று புரிவதில்லை. அங்கே போய் என்ன செய்வாய் என்று கேட்பார்கள். ஒன்றும் செய்ய மாட்டோம் என்பதுதான் சரியான பதில். மற்ற எல்லா கேமும் ஏதோ ஒன்றைக் கேட்கும்: சுடு, ஓடு, ஜெயி, அடுத்த கட்டத்துக்குப் போ. ஆட்டம் முடிந்ததும் கூட ஆடிய பத்துப் பேரும் பத்துத் திசையில் காணாமல் போவார்கள். சதுக்கத்தில் சும்மா நிற்கலாம். யாராவது வருவார்கள். பேசலாம், பேசாமலும் இருக்கலாம். முன்பின் தெரியாதவரோடு செஸ் பலகை முன்னால் உட்காரலாம். நண்பர்கள் பட்டியலில் ஒரு பெயராக மட்டுமே இருந்த ஆளுக்கு அங்கேதான் ஒரு நடை, ஒரு உடை, வழக்கமாக நிற்கும் ஒரு மூலை எல்லாம் வந்தன.

இப்படி ஒரு உலகத்தைக் கன்சோலுக்குள் கட்டலாம் என்று பெரிய அளவில் காட்டியது சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் ஹோம். 2007 மார்ச்சில், கேம் உருவாக்குபவர்கள் கூடும் ஜிடிசி மாநாட்டில், சோனியின் கேம் ஸ்டுடியோக்களுக்குத் தலைவராக இருந்த ஃபில் ஹாரிசன் அதை அறிமுகம் செய்தார். பொதுமக்களுக்குத் திறந்தது 2008 டிசம்பர் 11. பிளேஸ்டேஷன் 3 கன்சோல் வைத்திருக்கும் யாரும் கட்டணமில்லாமல் உள்ளே போகலாம். ஒரு சதுக்கம், பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் கூடம், திரையரங்கம், கடைத்தெரு, அப்புறம் ஒவ்வொருவருக்கும் கடலைப் பார்த்தபடி சொந்தமாக ஒரு அறை. 2009-ல் அந்த உலகத்துக்குள்ளேயே ஸீ என்று ஒரு பெரிய புதிர் விளையாட்டு நடந்தது. துப்புகள் உலகம் முழுக்க ஒளித்து வைக்கப்பட்டிருந்தன, தனியாளாகத் தீர்ப்பது கஷ்டம் என்பதால் அறிமுகமில்லாதவர்கள் கூடித் தேடினார்கள். கடைசி வரை 'பீட்டா', அதாவது சோதனைப் பதிப்பு, என்ற அடைமொழியோடேயே ஓடிய அந்த உலகம் 2015 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. ஆறு வருடத்துக்கும் மேல் இருந்தது. எங்கள் சதுக்கத்தின் வயதும் கிட்டத்தட்ட அதுதான்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். வெறும் பாசத்தில் எழுதுகிறேன் என்று நீங்கள் தள்ளிவிடக் கூடாது. போதிய ஆட்கள் வருவதில்லை என்று அறிவிப்பில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வந்தவர்கள் ஏன் போனார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

என் தங்கையை நான்தான் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். தன்னைப் போலவே ஒரு அவதார் செய்துகொண்டாள், தலைமுடி, கண்ணாடி எல்லாம் அச்சு அசல். சதுக்கத்தில் இறங்கி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஐந்து பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். நீ பெண்ணா என்று ஒருவன். எங்கே இருக்கிறாய் என்று ஒருவன். மற்ற மூவரும் அவள் முகத்துக்கு நேராக ஒட்டி நின்று ஒரே நடனத்தைத் திரும்பத் திரும்ப ஆடினார்கள். அவள் கடைத்தெருவுக்குப் போனாள், பின்னாலேயே வந்தார்கள். பௌலிங் கூடத்துக்குப் போனாள், அங்கேயும் வந்தார்கள். நான் நடுவில் போய் நின்றேன். அவர்கள் என் உடம்புக்குள் புகுந்து அந்தப் பக்கம் போனார்கள். அந்த உலகத்தில் குறுக்கே நிற்பதற்குக்கூட வழியில்லை.

புகார் கொடுக்கும் பொத்தான் நாலு மெனுவுக்கு உள்ளே இருந்தது. ஐந்து பேருக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். நிரப்பி முடிப்பதற்குள் இரண்டு பேர் வேறு இடம் போய்விட்டார்கள், பெயர் பட்டியலில் இல்லை. ஒன்பது நாள் கழித்து, உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. தங்கை அந்த அவதாரைக் கலைத்துவிட்டு ஒரு ரோபோ உடை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு யாரும் நெருங்கவில்லை. தொல்லை கொடுத்தவர்களுக்கு ஒரு செலவும் இல்லை, அதிலிருந்து தப்பிக்க அவள் காசு கொடுத்தாள். அந்தக் காசு உங்களுக்குத்தான் வந்தது. இதை ஒரு முறையாவது யோசித்துப் பாருங்கள்.

இது புதிய பிரச்சினை என்று நீங்கள் சொல்ல முடியாது. பிளேஸ்டேஷன் ஹோம் திறந்த முதல் நாட்களிலேயே பெண் அவதார்களைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது செய்தியானது. அப்புறமும், நெருங்கி வருகிறவரைத் தள்ளி நிறுத்தும் ஒரு எளிய வசதியைச் செய்யாமல் நீங்கள் எங்கள் சதுக்கத்தைத் திறந்தீர்கள்.

வசைச்சொல்லைத் தடுக்கிற வடிகட்டி என்று ஒன்று வைத்தீர்கள். ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்துச் செய்தது அது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினால், மாஸ் (mass) என்ற சொல்கூட, உள்ளே ஒரு ஆங்கில வசைச்சொல் ஒளிந்திருப்பதால், நட்சத்திரக் குறிகளாக மாறும். இன்னொரு பக்கம், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டுத் திட்டியவர்களின் வசை முழுசாகத் திரையில் வந்து நிற்கும்.

காத்திருப்பு பற்றி எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து உண்டு. பிளேஸ்டேஷன் ஹோமில் பௌலிங் ஆட வரிசையில் நிற்க வேண்டியிருந்ததைப் பலர் கேலி செய்தார்கள். கற்பனைப் பந்தை உருட்ட எதற்கு வரிசை என்று கேட்டார்கள். அந்தக் கேலியில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. எங்கள் கூடத்திலும் ஆரம்பத்தில் வரிசை இருந்தது, நிற்கிற நேரத்தில்தான் பக்கத்தில் நிற்பவரோடு பேச்சு வரும். இன்றைய நண்பர்களில் பாதிப் பேரை எனக்கு வரிசையில்தான் தெரியும். பிறகு நீங்கள் பந்து உருட்டும் தடங்களின் எண்ணிக்கையைக் கூட்டி வரிசையை ஒழித்தீர்கள். எல்லாரும் உடனே ஆடினார்கள், உடனே கிளம்பினார்கள்.

ஆனால் பதிவிறக்கத்துக்காகக் காத்திருப்பது வேறு. அதில் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு கதவைத் தாண்டினால் பட்டை ஒன்று மெல்ல நிரம்பும், அதைத் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் இரண்டாவது கதவிலேயே கன்சோலை அணைத்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். இதைவிட மோசம், கூட்டம் சேர்ந்தால் சதுக்கம் பல நகல்களாகப் பிரிந்துவிடும். நானும் பச்சைத் தொப்பியும் ஒரே பெஞ்சில், ஒரே நேரத்தில், ஆளுக்கொரு நகலில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் தேடியிருக்கிறோம். எங்கே இருக்கீங்க என்று அவர் செய்தி அனுப்புவார். பெஞ்சில்தான் என்று நான் அனுப்புவேன். நானும்தான் என்று பதில் வரும். நண்பர்களை ஒரே நகலில் சேர்த்து வையுங்கள் என்று நாங்கள் எத்தனை முறை எழுதினோம் என்பதை உங்கள் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசி இரண்டு வருடத்தில் நீங்கள் அங்கே சேர்த்ததெல்லாம் கடைகள். வாராவாரம் புது உடை, புது நாற்காலி, புது வீடு. எல்லாரும் கூடுவதற்கு ஒரு பெஞ்சுகூடப் புதிதாகப் போடவில்லை. என்ன நிகழ்ச்சி எப்போது என்று எழுதிவைக்க ஒரு பலகை கேட்டோம், அதுவும் வரவில்லை. வினாடி வினா இரவு, உடைப் போட்டி, புதியவர்களுக்கு வழிகாட்டும் சனிக்கிழமை, எல்லாவற்றையும் நாங்களே நடத்தினோம், வாய்வழிச் செய்தியாகவே ஆளைச் சேர்த்தோம். இத்தனைக்குப் பிறகும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று காரணம் சொல்கிறீர்கள். இருந்தவர்களை வாடிக்கையாளராக மட்டுமே பார்த்தீர்கள், வாங்குவது குறைந்ததும் ஆளே இல்லை என்று கணக்கு எழுதிவிட்டீர்கள்.

கடை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பச்சைத் தொப்பி உங்கள் அறிவிப்புக்குப் பத்து நாள் முன்னால் ஏரிக்கரை வீடு ஒன்று வாங்கினார். மூடும் முடிவு பத்து நாளில் எடுத்த முடிவாக இருக்க முடியாது. வாங்கும் பக்கத்தில் 'வாங்கு' என்றுதான் எழுதியிருந்தது, இத்தனை மாதத்துக்கு வாடகை என்று எழுதவில்லை. பிளேஸ்டேஷன் ஹோமை மூடியபோது 2014 நவம்பர் 12-க்குப் பிறகு புதிய பொருட்களை நிறுத்தினார்கள், டிசம்பர் 3-க்குப் பிறகு இருந்ததையும் விற்பதை நிறுத்தினார்கள், சர்வரை அணைத்தது அடுத்த மார்ச் கடைசியில். விற்பனை நின்ற பிறகும் கிட்டத்தட்ட நாலு மாதம் மக்கள் அங்கே இருக்க முடிந்தது. நீங்களோ அறிவிப்பு வந்த பிறகும் கடையைத் திறந்தே வைத்திருக்கிறீர்கள். நேற்றுகூட ஒரு புது உடை வந்திருக்கிறது. டிஜிட்டல் பொருளை விற்கும்போது அது உரிமம் மட்டும்தான் என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025-லிருந்து சட்டமே இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் சொல்லலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

மூடினால் மூடியதுதான், வேறு வழியில்லை என்று உங்கள் உதவிப் பிரிவு எனக்குப் பதில் எழுதியது. வழிகள் இருந்திருக்கின்றன. கேம் நிறுவனமான நிண்டெண்டோ, தன் கன்சோல்களில் பயனர்கள் எழுதியும் வரைந்தும் பகிர்ந்துகொண்ட மீவெர்ஸ் என்ற சமூக வலையை 2017 நவம்பரில் மூடியது. ஆனால் மூடுவதற்கு முன்பு, பயனர்கள் தாங்கள் எழுதியதையும் வரைந்ததையும் விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ள வழி செய்தது. சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற ஆன்லைன் கேமை 2012-ல் என்சிசாஃப்ட் மூடியது. ரசிகர்கள் விடாமல் தாங்களே சர்வர் நடத்தினார்கள், 2024 ஜனவரியில் அதே நிறுவனம் அவர்களுக்கு முறைப்படி உரிமம் கொடுத்தது. இன்னும் பழைய கதை ஒன்று: 1986-ல் கமடோர் 64 கணினிக்காக லூகாஸ்ஃபிலிம் உருவாக்கிய ஹேபிடாட். அவதார்கள் உலவும் ஆன்லைன் உலகங்களுக்கு முன்னோடி அது. முப்பது வருடம் கழித்து, 2016-ல், அமெரிக்காவின் ஓக்லண்டில் இருக்கும் ஒரு அருங்காட்சியகத்தின் முயற்சியால் அதன் மூல நிரல் பொதுவெளிக்கு வந்து, ஹேபிடாட்டைத் திரும்ப ஓட வைக்கும் வேலை நடந்தது. அதற்கெல்லாம் அடிப்படை, யாரோ ஒருவர் அந்த நிரலைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது. பிளேஸ்டேஷன் ஹோமையும் ரசிகர்கள் பழைய கோப்புகளிலிருந்து துண்டு துண்டாகப் பொறுக்கி மீட்கப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கோப்பு கிடைத்தால் திருவிழாதான். அந்த நிலைமைக்கு எங்களையும் ஏன் தள்ள வேண்டும்?

எங்களுக்கு என்ன வேண்டும் என்று நேராகவே சொல்கிறேன்.

கடையை இன்றே மூடுங்கள். அறிவிப்புக்கு முந்தைய ஆறு மாதத்தில் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். கடை நாணயமாகக் கொடுக்க வேண்டாம், கொடுத்த பணமாகவே வேண்டும்.

மூடும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று பாருங்கள். ஒரு வருடம் கேட்கிறோம். புதிதாக எதுவும் செய்ய வேண்டாம், இருப்பது அப்படியே ஓடினால் போதும். அந்த ஒரு வருடத்தில் செய்து தர வேண்டியது ஒன்றே ஒன்று: அறைகளின் படங்களையும், எங்கள் அவதார்களையும், நாங்கள் எழுதிய செய்திகளையும் அவரவர் எடுத்துவைத்துக்கொள்ள ஒரு வசதி. நண்பர்கள் பட்டியலில் இருக்கும் இருவரும் சம்மதித்தால் வெளித் தொடர்பைப் பரிமாறிக்கொள்ள ஒரு படிவமும் அதிலேயே சேர்ந்திருக்கட்டும். சாட்டில் மின்னஞ்சல் முகவரி தட்டினால் உங்கள் வடிகட்டி அதையும் நட்சத்திரமாக்கிவிடுகிறது. சதுக்கத்துக்கு வெளியே தொடர்பே இல்லாத நண்பர்கள் எங்களில் எத்தனையோ பேர்.

சர்வர் நிரலை அழிக்காதீர்கள். ரசிகர்களிடம் கொடுக்க மனம் வராவிட்டால், கேம்களைப் பாதுகாக்கும் ஒரு அருங்காட்சியகத்திடமோ காப்பகத்திடமோ ஒப்படையுங்கள். இன்று வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை, இருந்தால் போதும்.

உங்கள் அடுத்த கன்சோலில் இதே மாதிரி ஒரு உலகம் வரும் என்று பேச்சு இருக்கிறது. வந்தால், பெண்கள் நிம்மதியாக நிற்க முடிகிற ஒரு சதுக்கத்தோடு வரட்டும். புகார் பொத்தான் ஒரே அழுத்தில் வரட்டும், அதைப் படிக்க மனிதர்கள் இருக்கட்டும். குரல் இல்லாமலே முழுசாகப் பழகும் வசதி முதல் நாளே இருக்கட்டும். அதைச் சரிபார்க்கக் காது கேளாதவர்களையே கூப்பிடுங்கள், பச்சைத் தொப்பி வரத் தயார் என்று சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் அந்த ஐந்தாவது வரியை அறிவிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. எந்தத் தேதியில் மூடினாலும், சர்வர் நிற்கும் நேரத்தை மணி, நிமிஷத்தோடு முன்கூட்டியே சொல்லுங்கள். அன்றைக்கு எங்களைப் பல நகல்களாகப் பிரிக்காமல் நண்பர்களை ஒரே சதுக்கத்தில் விடுங்கள். நேரம் வந்ததும் உடனே திரையைக் கருப்பாக்காதீர்கள். யார் தலைக்கு மேலாவது அந்த மூன்று புள்ளிகள் மின்னிக்கொண்டிருந்தால், அவர் தட்டி முடிக்கும் வரை பொறுங்கள். கண்ட்ரோலரில் ஒரு வரி தட்ட அரை நிமிஷம் ஆகும்.

இப்படிக்கு,
கிழக்குப் பெஞ்சில் உட்காரும் எட்டுப் பேரில் ஒருவன்